பிரேசிலியாவில் உடைந்த பிரெஞ்சுக் கடிகாரம்: அதைச் செய்தவர் யார்?

2023 ஜனவரி 8 அன்று, தேர்தல் முடிவை ஏற்க மறுத்த ஒரு கும்பல் பிரேசிலின் தலைநகர் பிரேசிலியாவில் நாடாளுமன்றத்துக்குள்ளும் உச்ச நீதிமன்றத்துக்குள்ளும் அதிபர் அலுவலகமான பிளானால்டோ மாளிகைக்குள்ளும் புகுந்து கண்ணில் பட்டதையெல்லாம் உடைத்தது. மாளிகையின் மூன்றாம் தளத்தில் ஒருவர் பழைய பிரெஞ்சுக் கடிகாரம் ஒன்றைத் தரையில் தள்ளும் காட்சி கண்காணிப்புக் கேமராவில் பதிவானது. அந்த ஆளுக்கு 2024இல் உச்ச நீதிமன்றம் 17 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. கடிகாரம் சுவிட்சர்லாந்துக்குச் சென்று பழுதுபார்க்கப்பட்டு 2025 ஜனவரியில் பிரேசிலியாவுக்குத் திரும்பியது.

இந்தச் செய்தி வந்தபோதெல்லாம் கடிகாரத்தைச் செய்தவரின் பெயர் மாறி மாறி வந்தது. பால்த்தசார் மார்ட்டினோ என்றது ஒரு செய்தி. ஆந்த்ரே-ஷார்ல் பூல் என்றது மற்றொன்று. இரண்டு பெயரையும் ஒட்டி ஒரே ஆளாக்கிய செய்திகளும் உண்டு. உலகில் இப்படி இரண்டே கடிகாரங்கள் என்றும், போர்ச்சுகல் மன்னர் ஆறாம் ஜோவாவோவுக்குப் பிரெஞ்சு அரசவை தந்த பரிசு என்றும் சேர்த்துச் சொல்லப்பட்டது. இவற்றில் எது நிற்கும், எது நிற்காது என்று அறிய, அந்தக் காலத்துப் பாரிஸில் ஒரு கடிகாரம் எப்படி உருவானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கடிகாரத்துக்குள் இரண்டு வேலைகள்

பழைய பிரெஞ்சு மேசைக் கடிகாரம் எதுவானாலும் அதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று உள்ளே இருக்கும் இயந்திரம்: சுருள்வில், பற்சக்கரங்கள், ஊசல், மணி அடிக்கும் சுத்தியல். மற்றது வெளியே இருக்கும் கூடு: மரப்பெட்டி, அதன்மேல் பதித்த அலங்காரம், வெண்கலச் சிலைகள். இயந்திரத்தைக் கூட்டிலிருந்து கழற்றி வேறு கூட்டில் வைக்கலாம். பல கடிகாரங்களுக்கு அப்படித்தான் நடந்தும் இருக்கிறது. பழைய இயந்திரம் பழுதானபோது 100 ஆண்டுகள் பிந்திய இயந்திரத்தைப் பொருத்தியதுண்டு. கூடு சிதைந்தபோது இயந்திரத்தை மட்டும் காப்பாற்றியதும் உண்டு.

முகத்தட்டிலோ இயந்திரத்தின் பின்தகட்டிலோ பொறித்திருக்கும் பெயர் பெரும்பாலும் கடிகாரக்காரரின் பெயர். அது இயந்திரத்துக்குத்தான் பொறுப்பு. பார்ப்பவரை நிறுத்திவைக்கும் சிலைகளைச் செய்தவர் வேறு ஆள். அவர் பெயர் எங்குமே இருக்காது. பிரேசிலியாக் கடிகாரத்தைப் பற்றிய பெயர்க் குழப்பத்தின் வேர் இதுதான்.

ஊசல் வந்த பிறகு

மேசைக் கடிகாரம் சிற்பமாக மாறியதற்கு ஒரு அறிவியல் காரணம் இருக்கிறது. 1656இன் இறுதியில் டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஊசலைக் கடிகாரத்தில் பொருத்தும் வழியைக் கண்டார். மறு ஆண்டே ஹேக் நகரக் கடிகாரக்காரர் சலொமோன் கோஸ்டர் அதைச் செய்து விற்கும் உரிமையைப் பெற்றார். அதுவரை ஒரு நாளில் கால் மணி நேரம் வரை பிசகிய கடிகாரங்கள் இப்போது சில விநாடிகளே பிசகின. இந்த முறை சில ஆண்டுகளிலேயே பாரிஸுக்கு வந்தது.

ஊசலின் வேகத்தைத் தீர்மானிப்பது அதன் நீளம். ஒருபக்க வீச்சு சரியாக ஒரு விநாடி எடுக்க வேண்டுமென்றால் ஊசல் சுமார் 99.4 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். அரை விநாடிக்கு அதில் கால் பங்கு, ஏறத்தாழ 24.8 செ.மீ. போதும். இங்கிலாந்தின் கடிகாரக்காரர்கள் துல்லியத்தைத் தேடி ஒரு விநாடி ஊசலின் பக்கம் போனார்கள். நீண்ட ஊசல், தொங்கும் எடைக்கற்கள், ஆளுயரப் பெட்டி என்பது அவர்களின் வழியானது. பாரிஸ் பெரும்பாலும் குட்டை ஊசலோடும் சுருள்வில்லோடும் நின்றது. எடைக்கற்கள் இறங்குவதற்கு இடம் தேவையில்லை என்பதால் கூட்டை விரும்பியபடி வளைக்கலாம், சிலை வைக்கலாம், மேசைமேலோ உயர்ந்த பீடத்தின்மேலோ நிறுத்தலாம். துல்லியத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அழகை வாங்கிக்கொண்டார்கள் என்றே சொல்வேன். வாங்குபவர் அரசவையினர் என்பதால் அந்த வியாபாரம் நன்றாகவே நடந்தது.

1660களின் பாரிஸ் கடிகாரங்கள் அலங்காரம் குறைந்த கறுப்புப் பெட்டிகள். கன்னியாஸ்திரீயின் உடுப்பை ஒத்த அந்த எளிமைக்காக அவற்றை 'ரெலிஜியூஸ்' என்றார்கள். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் ஆட்சி நீள நீளப் பெட்டியின் ஓரங்கள் வளைந்தன. ஆமை ஓடும் பித்தளையும் ஏறின, உச்சியில் தெய்வங்கள் வந்து அமர்ந்தார்கள். முகத்தட்டும் மாறியது. ஒரே துண்டில் பெரிய எனாமல் தட்டைச் சுட்டெடுப்பது அப்போது கைகூடவில்லை. அதனால் ஒவ்வொரு மணிக்கும் ஒரு சிறு எனாமல் வில்லை செய்து, நீல நிறத்தில் ரோமன் எண்ணை எழுதி, முலாம் பூசிய வெண்கலத் தட்டில் பதித்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் கடைசியையும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்த பிரெஞ்சுக் கடிகாரத்தை அடையாளம் காண இந்த 12 வில்லைகள் நல்ல துப்பு.

யார் எதைச் செய்யலாம் என்ற சட்டம்

பாரிஸில் கைத்தொழில்கள் கில்டு எனப்படும் கைவினைக் குழுமங்களின் பிடியில் இருந்தன. ஒவ்வொரு குழுமத்துக்கும் அரசு ஏற்ற விதிகள் இருந்தன. ஒரு குழுமத்தின் வேலையை மற்றக் குழுமத்தார் செய்தால் வழக்கு, அபராதம், பொருள் பறிமுதல் வரை போகும். இந்த ஏற்பாடு 1791இல் பிரெஞ்சுப் புரட்சி அதை ஒழிக்கும்வரை நீடித்தது. அதன்படி ஒரு சிற்பக் கடிகாரம் இத்தனை கைகளைக் கடந்து வர வேண்டும்:

1. இயந்திரத்தைச் செய்து பெயரைப் பொறிப்பவர் கடிகாரக்காரர். சுருள்வில், எனாமல் வில்லை போன்றவற்றை அவரும் வெளியே தனித்தனி ஆட்களிடம்தான் வாங்குவார்.

2. கூட்டின் மரவேலையும் அதன்மேல் பதிக்கும் வேலையும் உயர்தரத் தச்சருடையவை.

3. சிலைக்கு மெழுகிலோ களிமண்ணிலோ மாதிரி செய்பவர் சிற்பி.

4. வெண்கலத்தை வார்த்து, வார்ப்பின் பிசிறுகளை நீக்கி, உளியால் மயிரிழை வரை செதுக்கித் தீட்டுபவர்கள் வார்ப்புக்காரர்கள்.

5. தங்கமுலாம் பூசுபவர்கள் வேறொரு குழுமத்தினர். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துக் குழம்பாக்கி வெண்கலத்தின்மேல் தடவித் தீயில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போகத் தங்கம் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவியைச் சுவாசித்தவர்களுக்குப் பல் விழுந்தது, கை நடுங்கியது, ஆயுள் குறைந்தது. அருங்காட்சியகத்தில் மின்னும் அந்தத் தங்கத்துக்கு விலை கொடுத்தவர்களில் ஒருவர் பெயரும் கடிகாரத்தின்மேல் இல்லை.

இதனால்தான் 'இந்தக் கடிகாரத்தைச் செய்தவர்' என்று ஒருமையில் கேட்கும் கேள்விக்குப் பாரிஸ் கடிகாரத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் விடை கிடையாது.

மார்ட்டினோ: ஒரு பெயர், பல தலைமுறை

மார்ட்டினோ என்பது ஒரு குடும்பம். 16ஆம் நூற்றாண்டு முதல் பிரெஞ்சு அரசவைக்குக் கடிகாரம் செய்த பரம்பரை அது. பால்த்தசார், ஹென்றி, ஜெரோம் என்று பலர் அதே தொழிலில் இருந்தார்கள், பெயர்களும் தலைமுறை தாண்டித் திரும்ப வரும். பிரேசிலியாக் கடிகாரத்தோடு சேர்த்துச் சொல்லப்படுபவர் 1636இல் ரூவான் நகரில் பிறந்து 1714இல் பாரிஸில் இறந்த பால்த்தசார் மார்ட்டினோ. பதினான்காம் லூயியின் தாய் ஆஸ்திரியாவின் ஆனுக்கும் பிறகு லூயிக்கும் கடிகாரக்காரராக இருந்தவர். அரச கடிகாரக்காரர் என்பது வெறும் பட்டம் இல்லை. அரண்மனையில் உள்ள கடிகாரங்களுக்குச் சாவி கொடுப்பதும், அவை ஓடுகின்றனவா என்று பார்ப்பதும், பழுது நீக்குவதும் அந்தப் பொறுப்பில் அடங்கும்.

பூல்: விதிவிலக்காக வாழ்ந்தவர்

உயர்தரத் தச்சரான ஆந்த்ரே-ஷார்ல் பூல் 1642இல் பிறந்து 1732இல் இறந்தார். 1672இல் லூவ்ர் அரண்மனையில் ஓர் உறைவிடம் காலியானபோது, பாரிஸிலேயே தம் தொழிலில் கைதேர்ந்தவர் இவர் என்று அமைச்சர் கோல்பேர் மன்னரிடம் பரிந்துரைத்தார். அந்த உறைவிடம் கிடைத்ததில் வீட்டு வாடகையைவிடப் பெரிய இலாபம் ஒன்று இருந்தது. லூவ்ரில் வாழும் அரச கலைஞர்களைக் குழும விதிகள் கட்டுப்படுத்தா. மற்றவர்கள் ஐந்து பட்டறைகளுக்கு அலைய வேண்டிய வேலையைப் பூல் தம் பட்டறையிலேயே செய்யலாம். மரம், பதிப்பு, வெண்கல வார்ப்பு, செதுக்கல், முலாம் எல்லாம் ஒரே ஆளின் கண்ணில் பட்டு வெளியே வந்தன. இயந்திரம் மட்டும்தான் வெளியிலிருந்து வர வேண்டும். அங்கேதான் மார்ட்டினோ போன்ற கடிகாரக்காரர்கள் வருகிறார்கள்.

அவர் பெயரைச் சுமக்கும் பதிப்பு வேலை இப்படி நடக்கும். அழுங்காமையின் ஓட்டைச் சூடாக்கித் தட்டையாக்கி மெல்லிய தகடாக எடுப்பார்கள். அதையும் அதே பருமனுள்ள பித்தளைத் தகட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, வரைந்த கொடி, இலை, உருவங்களின் ஓரமாக மெல்லிய இரம்பத்தால் அறுப்பார்கள். இரு நிறக் காகிதங்களைச் சேர்த்துக் கத்தரித்து ஒன்றின் ஓட்டையில் மற்றதன் துண்டைச் செருகுவது போலத்தான் இது. ஒரே அறுப்பில் இரண்டு பலகைகள் கிடைக்கும்: ஆமை ஓட்டின் இருளில் பித்தளை ஒளிரும் ஒன்று, பித்தளையின் ஒளியில் ஆமை ஓடு படியும் மற்றொன்று. முதலாவதுக்கு மதிப்பு அதிகம். பித்தளையின் மேல் கூர் உளியால் நுண்கோடுகள் கீறி அவற்றில் கறுப்புப் பசையை அடைப்பார்கள். ஓட்டின் அடியில் சிவப்பு நிறத்தைப் பூசினால் மேலே செம்பழுப்பு ஒளி கசியும். இந்த முறையைக் கண்டுபிடித்தவர் பூல் இல்லை. அவருக்கு முன்பே இது இருந்தது. அதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் அவர்.

சிலைகளிலும் அவர் சாதாரணமாக நிற்கவில்லை. பிளாரன்ஸின் மெடிச்சி கல்லறைகளில் மைக்கலாஞ்சலோ செதுக்கிய பகல், இரவு உருவங்களைப் பார்த்துச் செய்த வெண்கலங்களைத் தம் கடிகாரங்களின் மேல் சாய்த்து வைத்தார். காலத்தை அன்பு வெல்வதாகக் காட்டும் அவரது கடிகார வகை ஒன்றை லண்டன் வாலஸ் தொகுப்பில் காணலாம். சிறகுள்ள கிழவனாகக் காலம் கீழே கிடக்க, மேலே அன்பின் குட்டித் தெய்வம் அமர்ந்திருக்கும். நேரத்தைக் காட்டும் பொருளின் மேலேயே நேரத்தைத் தோற்கடிக்கும் துணிச்சல் அது. பிரெஞ்சுச் சிற்பக் கடிகாரங்களில் இதற்கு இணையான கற்பனை பின்னாளில் அபூர்வமாகவே வந்தது என்பது என் எண்ணம்.

சம்பாதித்ததையெல்லாம் ஓவியங்களும் வரைபடங்களும் வாங்கிச் செலவழித்து எப்போதும் கடனில் இருந்த மனிதர் அவர். 1720இல் பட்டறையில் பற்றிய தீயில் அந்தத் தொகுப்பின் பெரும்பகுதியும் விற்பனைக்கு இருந்த பொருள்களும் அழிந்தன. அப்போது அவருக்கு 77 வயது. அதற்குப் பிறகும் தொழில் தொடர்ந்தது, மகன்களும் அதே தொழிலில் இருந்தார்கள்.

ஆராய்ச்சியாளர்களுக்குச் சிக்கல் இதுதான்: பூல் தம் வேலைகளில் முத்திரை குத்தவில்லை. தச்சர்கள் கட்டாயமாக முத்திரையிட வேண்டும் என்ற விதி அவர் இறந்த பிறகே வந்தது. அவர் வெளியிட்ட வடிவமைப்புப் படங்கள், தீவிபத்துக்குப் பிறகு எழுதிய பொருள் பட்டியல், அரச கணக்குகள் ஆகியவற்றோடு ஒப்பிட்டுத்தான் 'இது பூலின் வேலை' என்று முடிவு செய்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டிலும் அவர் பாணியைப் பின்பற்றி ஏராளமான கடிகாரங்கள் வந்தன. ஏலப் பட்டியலில் 'பூல் கடிகாரம்' என்று இருந்தால் அது 1700ஐச் சேர்ந்ததாகவும் இருக்கலாம், 1860ஐச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். விலையில் அந்த வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் ஆகும்.

செய்திகளில் வந்தவை: எது நிற்கும்?

1. 'மார்ட்டினோவா, பூலா?' இயந்திரத்துக்கு மார்ட்டினோ, கூட்டுக்குப் பூல் என்று சொல்வதே சரியான வடிவம். இருவரும் ஒரே காலத்தில் ஒரே நகரில் ஒரே மன்னருக்கு வேலை செய்தவர்கள். இருவர் பெயரையும் ஒட்டி ஒரே ஆளாக்குவது பிழை.

2. 'மார்ட்டினோ செய்ததில் இரண்டே மிச்சம்.' கலவரத்துக்கு மறுநாள் பிரேசில் அதிபர் மாளிகை வெளியிட்ட குறிப்பில் இப்படித்தான் இருந்தது. மற்றது வெர்சாய் அரண்மனையில் இருப்பதாகவும் அளவில் இதில் பாதிதான் என்றும் அது சொன்னது. ஆனால் மார்ட்டினோவின் பெயர் பொறித்த கடிகாரங்கள் பல அருங்காட்சியகங்களிலும் ஏலங்களிலும் வந்திருக்கின்றன. இந்தக் குறிப்பிட்ட வடிவத்தில் இரண்டு என்று பொருள்கொண்டால்தான் அந்த வாக்கியம் நிற்கும்.

3. '17ஆம் நூற்றாண்டு.' பூல், மார்ட்டினோ இருவரின் உழைப்புக் காலமும் இரண்டு நூற்றாண்டுகளின் சந்திப்பில் விழுகிறது. அதனால் 17 என்றும் 18 என்றும் செய்திகளில் மாறி மாறி வருகிறது. சில பத்தாண்டுகளின் வேறுபாடுதான். இதைப் பெரிய முரணாகக் கருத வேண்டியதில்லை.

4. 'ஜோவாவோவுக்குப் பிரெஞ்சு அரசவை தந்த பரிசு.' இதை அப்படியே விழுங்க முடியாது. மார்ட்டினோ இறந்தது 1714இல், ஜோவாவோ பிறந்தது 1767இல். எனவே அவருக்காக இது செய்யப்படவில்லை. பிரெஞ்சு முடியாட்சி 1792இல் கவிழ்ந்தது. 1807இல் பிரெஞ்சுப் படை லிஸ்பனை நெருங்கியபோது, அன்று நாட்டை ஆளும் இளவரசராக இருந்த ஜோவாவோ நவம்பர் 29 அன்று அரசவை முழுவதையும் கப்பல்களில் ஏற்றிக்கொண்டு தப்பினார். அந்தச் சூழலில் பாரிஸிலிருந்து பரிசு வந்திருக்க வாய்ப்பில்லை. வந்திருந்தால் முன்பே, அதுவும் பழைய கடிகாரமாகவே வந்திருக்க வேண்டும். முந்திய தலைமுறையினரிடமிருந்து அவர் கைக்குச் சேர்ந்தது என்று கொள்வதே காலக்கணக்குக்கு எளிதாகப் பொருந்துகிறது. அவர் 1808இல் பிரேசிலுக்குக் கொண்டுவந்தார் என்பதே அந்நாட்டு அரசு சொல்லும் வரலாறு.

உடைந்ததை ஒட்டுவது ஏன் கடினம்?

தரையில் விழுந்த கடிகாரத்தில் கூடு பிளந்தது, உச்சியிலிருந்த கடல் தெய்வம் நெப்டியூனின் சிலை பெயர்ந்தது, பதிப்புத் துண்டுகள் சிதறின. இதைச் சரிசெய்வது இயலாமல் போகலாம் என்றுகூட முதலில் பேச்சு இருந்தது. பிறகு சுவிஸ் அரசின் உதவியோடு, 1875 முதல் இயங்கும் ஓதெமார் பிகே கடிகார நிறுவனம் பிரேசிலிடம் பணம் வாங்காமல் அந்தப் பணியை ஏற்றது.

இயந்திரம் ஒப்பீட்டளவில் எளிது. வளைந்த அச்சை நிமிர்த்தலாம், உடைந்த பல்லைப் புதிதாக வைக்கலாம், தேவைப்பட்டால் பற்சக்கரத்தையே வெட்டிக்கொள்ளலாம். பல் எண்ணிக்கையும் ஊசலின் நீளமும் கணக்குக்குக் கட்டுப்பட்டவை. ஒன்று தொலைந்தால் மற்றதிலிருந்து அதைக் கண்டுபிடித்துவிடலாம். கூட்டுக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது.

அழுங்காமை அழியும் நிலையில் உள்ள உயிரினம். அரிய உயிரினங்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பதால் அதன் ஓட்டை நாடு விட்டு நாடு வியாபாரம் செய்யத் தடை உண்டு. புது ஓட்டை வாங்கிப் பதிக்க முடியாது என்பதால் சிதறிய ஒவ்வொரு துணுக்கும் விலைமதிப்பற்றது. பாதரச முலாம் உடலுக்கு நஞ்சு. மின்னாற்றலால் முலாம் பூசலாம், ஆனால் அந்தத் தங்கத்தின் படிவும் நிறமும் பழையதோடு ஒத்துப்போவதில்லை. ஆகவே பழைய முலாமைச் சுரண்டாமல், உள்ளதைத் துலக்குவதே நல்ல வழி. மரம், ஆமை ஓடு, பித்தளை மூன்றும் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குபவை. வன்மையான நவீனப் பசையால் இறுக்கினால் பின்னாளில் ஏதாவது ஒன்று பிளக்கும். அதனால் வெந்நீரில் இளகும் பழைய விலங்குப் பசையையே பூல் வேலைகளுக்கு இன்னும் விரும்புகிறார்கள். நாளை வேறொருவர் பிரித்துச் சரிசெய்யவும் அது இடம் தரும். ஆண்டில் சில மாதங்கள் காற்று வறண்டுபோகும் பிரேசிலியா, இப்படிப்பட்ட பொருளுக்கு இயல்பாகவே கடினமான ஊர்.

அன்றைய கலவரத்தில் ஏழு இடங்களில் கிழிக்கப்பட்ட, பிரேசில் ஓவியர் தி கவல்காந்தியின் ஓவியம் உட்பட, பழுதுபார்த்த மற்றக் கலைப்பொருள்களோடு சேர்த்து 2025 ஜனவரி 8 அன்று இந்தக் கடிகாரத்தையும் பிளானால்டோ மாளிகையில் மக்கள் முன் வைத்தார்கள்.

17 ஆண்டுகள் கடிகாரத்துக்காகவா?

இல்லை. பிரேசில் உச்ச நீதிமன்றம் அந்த ஆளைக் குற்றவாளி என்று தீர்மானித்தது ஐந்து குற்றங்களில்: ஆயுதம் தாங்கிய குற்றக் கூட்டில் சேர்ந்தது, மக்களாட்சி அமைப்பை வன்முறையால் ஒழிக்க முயன்றது, ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி, அரசுச் சொத்துக்குக் கடும் சேதம், பாதுகாக்கப்பட்ட பாரம்பரியச் சொத்தைச் சிதைத்தது. இதே ஐந்து குற்றங்களுக்காக அன்றைய கலவரத்தில் ஈடுபட்ட வேறு பலரும் தண்டனை பெற்றிருக்கிறார்கள். கடிகாரத்தைத் தொடாதவர்களும் அவர்களில் உண்டு. கடிகாரம் நேரடியாகச் சம்பந்தப்படுவது கடைசி இரண்டில்தான். பாரம்பரியச் சொத்தைச் சிதைப்பதற்கு அந்நாட்டின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கும் சிறை 1 முதல் 3 ஆண்டு வரை மட்டுமே. 17இல் பெரும்பங்கு ஆட்சிக்கு எதிரான குற்றங்களால் வந்தது. இதைத் தவிர, தண்டனை பெற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து 3 கோடி பிரேசில் ரியால் இழப்பீடு கட்ட வேண்டும் என்றும் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தத் தொகை உடைந்த பொருள்களின் விலைப்பட்டியல் இல்லை. பொதுச் சமூகத்துக்கு நேர்ந்த கூட்டுத் தீங்குக்கான ஈடு.